வாசகர் கேட்டவை: வட்டத்தில் ‘அண்ணா’ என்று கூப்பிடலாமா?

ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்டவரோடு, சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் தெரிந்து, எல்லாரும் ஒப்புக்கொண்டு காதல் உறவில் இருப்பதைப் பாலியமோரி என்கிறார்கள். அதைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். திட்டி எழுதியவர்களுக்கும் நன்றி. கேள்வி இருந்த கடிதங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டோம். எழுதியவர்களின் பெயரை நீக்கிவிட்டோம்.

என்னதான் பெயர் வைத்தாலும் இது ‘சின்ன வீடு’ சமாச்சாரம்தானே? — கோவை வாசகர்

சின்ன வீடு ஓடுவதே பெரிய வீட்டுக்குத் தெரியாமல் இருப்பதால்தான். தெரிந்துவிட்டாலும் பெரிய வீட்டம்மாவால் வாய் திறக்க முடியாது என்ற தைரியத்தில் ஓடும். அப்படி ஒரு வீடு வைத்திருப்பவரிடம், “உங்க மனைவிக்கும் இதே உரிமை உண்டா?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் முகம் மாறுவதில் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

சொல் புதியது. கிரேக்கத்தின் ‘பல’வையும் லத்தீனின் ‘காத’லையும் ஒட்டவைத்து 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் ஏறியது 2006இல். நீலகிரித் தோடர்களிடம் அண்ணன் தம்பிகள் ஒரே பெண்ணை மணக்கும் வழக்கம் இருந்ததே என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். இருந்தது. கர்ப்பத்தின் ஏழாம் மாத வாக்கில் யார் அவளுக்கு வில் கொடுக்கிறாரோ அவரே குழந்தைக்குத் தகப்பன் என்று ஊர் ஏற்றுக்கொண்டது. ஆனால் அது குலம் வகுத்த திருமண முறை. இங்கே பேசுவது தனி மனிதர்கள் தாங்களே பேசி முடிவுசெய்துகொள்ளும் உறவு. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

நானும் என் துணைவரும் பெங்களூரில் தமிழ் பேசுகிறவர்களுக்காக மாதம் ஒருமுறை நேரில் கூடிப் பேசும் வட்டம் ஒன்றைத் தொடங்க நினைக்கிறோம். எப்படி ஆரம்பிப்பது? எதில் கவனமாக இருக்க வேண்டும்? — பெங்களூரு வாசகி

முதல் வேலையாக, நடத்துவதற்கு மூன்றாவது ஆள் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் உங்கள் இருவரில் எவருக்கும் காதலராக இருக்கக் கூடாது. இந்த மாதிரி வட்டங்கள் கலைவதற்கு முக்கியமான காரணம் நடத்துகிற ஜோடி பிரிவதுதான். வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள், மூன்றே மாதத்தில் அறை காலி. உங்களைப் பற்றியே ஒரு புகார் வந்தால் அதைக் காது கொடுத்துக் கேட்கவும் அந்த மூன்றாமவர் வேண்டும்.

எண்ணிக்கை 8 முதல் 12 வரை. 14ஐத் தாண்டினால் கூச்சமுள்ளவர்கள் பேசவே மாட்டார்கள், பேச்சாளிகள் நாலு பேர் மேடை போட்டுக்கொள்வார்கள். இரண்டு மணி நேரத்தை இப்படிப் பிரியுங்கள்: விதிகளை வாய்விட்டுப் படிக்க 10 நிமிடம், ஆளுக்கு 3 நிமிடமாக முதல் சுற்று, 12 பேர் என்றால் அதற்கு 36 நிமிடம். பிறகு டீக்கு 10, அன்றைய தலைப்புக்கு 50, கடைசியாக ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லிக் கலைவதற்கு 14. விதிகளை ஒவ்வொரு மாதமும் படிக்க வேண்டும். பழையவர்கள் கொட்டாவி விடட்டும். அன்று புதிதாக வந்திருப்பவருக்கு அந்தப் பத்து நிமிடம்தான் தெம்பு.

இடம்: உங்கள் வீடு வேண்டாம். முகவரி எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதோடு, ஒருவரைக் ‘கிளம்புங்க’ என்று சொல்ல வேண்டி வந்தால் விருந்தாளியை வெளியே தள்ளியது போலாகிவிடும். காபி ஷாப்பும் சரிப்படாது, பக்கத்து மேஜைக்குக் காது உண்டு. நடனப் பள்ளி, யோகா கூடம் போன்றவற்றில் ஞாயிறு மாலை இரண்டரை மணி நேரம் வாடகைக்குக் கேளுங்கள். உரிமையாளரிடம் ‘புத்தக வாசிப்பு’ என்று பொய் சொல்லாதீர்கள், ஒருநாள் காதில் விழத்தான் போகிறது. ‘உறவுகள் பற்றிய கலந்துரையாடல், பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும்’ என்பது உண்மையும்கூட, போதுமானதும்கூட. மெட்ரோவுக்கோ பஸ் நிறுத்தத்துக்கோ நடக்கிற தூரமாக இருக்கட்டும், எட்டு மணிக்குள் முடியட்டும். வாடகைப் பங்கை மூடிய டப்பாவில் போடச் சொல்லுங்கள். போட முடியாதவர் யார் என்று யாருக்கும் தெரிய வேண்டாம்.

புதிதாக வருகிறவரோடு முன்கூட்டியே 15 நிமிடம் போனில் பேசிவிடுங்கள். கேட்க வேண்டியவை மூன்று. எதற்காக வர நினைக்கிறார்? அவருடைய கணவருக்கோ மனைவிக்கோ துணைக்கோ இது தெரியுமா? வட்டத்தில் அவரை எந்தப் பெயரில் கூப்பிட வேண்டும்? இரண்டாம் கேள்விக்கு ‘தெரியாது’ என்று பதில் வந்தால் என்ன செய்வது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கதவைச் சாத்தக் கூடாது என்பது எங்கள் கட்சி. சாத்தினால் அடுத்தவர் பொய் சொல்லிவிட்டு உள்ளே வருவார், அவ்வளவுதான். இரண்டு கூட்டம் வந்து கேட்கட்டும். மறைத்துக்கொண்டு இருக்கும்வரை இங்கே யாரோடும் பழக்கம் தேடக் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்தது தமிழ் வட்டத்துக்கே உரிய ஒரு சிக்கல். அறைக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிடத்தில் ஒருவர் ‘அண்ணா’ ஆகிவிடுவார், இன்னொருவர் ‘அக்கா’. நம் ஊரில் ஒரு பெண் ‘அண்ணா’ என்று கூப்பிட்டால் பல நேரம் அது வேலி: ‘இதைத் தாண்டி வராதே’ என்று அர்த்தம். அந்த வேலியை யாரும் கேலி செய்யக் கூடாது, ‘இங்கே வந்தும் அண்ணாவா?’ என்று சிரிக்கக் கூடாது. அதே சமயம் ‘அண்ணா’ ஆனவர் அறிவுரை வழங்கும் பதவியை எடுத்துக்கொள்வார், அதற்கும் இடம் தரக் கூடாது. அதனால் முதல் விதி இது: எல்லாருக்கும் ‘நீங்க’, கூடவே அவரவர் சொன்ன பெயர். முறை வைத்துக் கூப்பிடுவது கூப்பிடுகிறவர் விருப்பம், யாரும் கேட்டு வாங்கக் கூடாது.

‘சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு’ என்பதும் தடை செய்ய வேண்டிய கேள்வி. அது எதைத் தேடிப் போகிறது என்று நம் எல்லாருக்கும் தெரியும். மேல்சாதி, ஐடி சம்பளம், ஆங்கிலம் என்று ஒரே அச்சில் வார்த்தவர்கள் மட்டும் மிஞ்சிய வட்டம் ‘எல்லாரையும் வரவேற்கிறோம்’ என்று சுவரில் எழுதி வைத்துப் பயனில்லை.

போன் பைக்குள், படம் கிடையாது. வாட்ஸாப் குழு போட்டால் ஒரே சொடுக்கில் எல்லார் நம்பரும் எல்லாருக்கும் போய்விடும். அடுத்த கூட்டத் தேதியைத் தனித்தனியாக அனுப்புங்கள். வெளியே மாலில் ஒருவரை ஒருவர் பார்த்தால், அவர் முதலில் சிரித்தால் ஒழியத் தெரியாதது போலப் போய்விட வேண்டும் என்பதையும் விதிகளில் சேருங்கள். கூட அவர் மாமியார் வந்திருக்கலாம்.

நடத்துகிறவர்கள் புதிதாக வந்தவரோடு ஆறு மாதம் காதல் பேசக் கூடாது. கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கும், பாலியமோரி வட்டத்தில் காதலுக்குத் தடையா என்று. வருகிறவருக்கு நீங்கள் வாசலில் நிற்கும் ஆள். உங்களிடம் ‘முடியாது’ என்றால் உள்ளே வர முடியாமல் போகுமோ என்ற பயம் அவருக்கு இருக்கும். இதற்கு வரலாற்றிலேயே ஓர் உதாரணம் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் ஒனைடாவில் 1848இல் ஜான் ஹம்ஃப்ரி நாய்ஸ் தொடங்கிய சமூகத்தில், உச்சத்தில் சுமார் 300 பேர் ‘கூட்டுத் திருமண’த்தில் வாழ்ந்தார்கள். பேருக்கு எல்லாரும் எல்லாருக்கும் சமம். நடப்பில், யார் யாரோடு சேரலாம் என்பதில் நாய்ஸும் மூத்தவர்களும் சொன்னதே செல்லுபடியானது. இளையவர்களை மூத்தவர்களோடு சேர்ப்பதற்கு ஒரு சித்தாந்தமே வைத்திருந்தார்கள். ஒருவரை நடுவில் உட்காரவைத்து மற்றவர்கள் அவர் குறைகளை அடுக்கும் சடங்கும் இருந்தது. 1879இல் வழக்குக்குப் பயந்து நாய்ஸ் கனடாவுக்குப் போய்விட்டார், அதே ஆண்டு கூட்டுத் திருமணம் கைவிடப்பட்டது. மிச்சமிருந்தது கம்பெனியாக மாறி, பின்னாளில் கரண்டி, முள்கரண்டி விற்றுப் புகழ் பெற்றது.

எனவே வட்டத்தின் நடுவில் யாரையும் விசாரிக்காதீர்கள். ஒருவர் மீது புகார் வந்தால் இரண்டு பேர் தனியறையில் கேளுங்கள். அந்த இருவரும் புகாரில் சம்பந்தப்பட்ட எவருக்கும் துணையாக இருக்கக் கூடாது. தேதி, நடந்தது, புகார் சொன்னவர் என்ன விரும்புகிறார் என்று நாலு வரி எழுதிவையுங்கள். முடிவு தெரியும்வரை அடுத்த கூட்டத்துக்கு வர வேண்டாம் என்று புகாருக்கு ஆளானவரிடம் சொல்லுங்கள். அது தண்டனை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்குள் முடிவெடுத்து இரு தரப்புக்கும் தெரிவியுங்கள். இழுத்தடித்தால் புகார் சொன்னவர்தான் முதலில் காணாமல் போவார். நடந்தது குற்றம் என்றால் போலீஸுக்குப் போவதும் போகாததும் பாதிக்கப்பட்டவர் விருப்பம். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ சட்டப்படி தகவல் சொல்லியே ஆக வேண்டும்.

அறிவித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். தெரிந்த ஐந்தாறு பேரோடு மூன்று மாதம் நடத்திப் பாருங்கள். ‘பொறாமைப்படுறவங்க இன்னும் பக்குவப்படலை’ என்று உபதேசிக்கும் ஒருவர் அதற்குள் கண்டிப்பாகத் தட்டுப்படுவார். அவரை எப்படிச் சமாளிப்பது என்று அங்கேயே பழகிவிடலாம். “உங்களுக்கு அப்படி. இவங்களுக்கு எப்படின்னு கேப்போம்” என்று பேச்சைத் திருப்பினால் போதும்.

நானும் மனைவியும் எங்கள் இருவரையும் நேசிக்கும் ஒரு பெண்ணைத் தேடுகிறோம். போன இடத்தில் எல்லாம் எங்களைப் பார்த்ததும் முகம் சுளிக்கிறார்கள். என்ன தப்பு? — சென்னை வாசகர்

நீங்கள் தேடும் பெண்ணுக்குப் பாலியமோரி வட்டாரத்தில் ‘யூனிகார்ன்’ என்று பெயர். ஒற்றைக் கொம்புக் குதிரை, கதையில் மட்டும் உண்டு. சுளிப்புக்குக் காரணம் இருக்கிறது. உங்கள் கணக்கில் வருகிறவர் ஒருவர், உறவு ஒன்று. எண்ணிப் பாருங்கள்: மூன்று பேர் என்றால் நீங்களும் மனைவியும், நீங்களும் அவரும், மனைவியும் அவரும், மூவரும் சேர்ந்து என்று நான்கு உறவுகள். நான்கும் ஒரே வேகத்தில், ஒரே அளவில் வளரவேண்டும் என்று முன்கூட்டியே விதி போட்டுவிட்டு ஆள் தேடுகிறீர்கள். அவருக்கு உங்கள் மனைவியைப் பிடித்து உங்களைப் பிடிக்காமல் போனால்? பெரும்பாலும் அவர்தான் பெட்டியைத் தூக்க வேண்டியிருக்கும்.

நீங்களும் மனைவியும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். வருகிறவர் உங்களில் ஒருவரோடு மட்டும் வெளியே போகலாமா? அவருக்கு வேறு காதலர் இருக்கலாமா? பொங்கலுக்கு அவர் எங்கே இருப்பார்? உங்கள் இருவருக்குள் சண்டை வந்தால் அவரை நிறுத்திவைக்கும் உரிமை உங்களுக்கு உண்டா? கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதியிருந்தால் தேடலை நிறுத்திவிடுங்கள். வட்டத்துக்குப் போனால் இருவரும் ஒட்டி உட்காராமல் எதிரெதிரே உட்காருங்கள், ஒருவருக்காக மற்றவர் பதில் சொல்லாதீர்கள். சுளிப்பு பாதி குறையும்.

கணவர்தான் இதை ஆரம்பித்தார். ‘சரி’ என்று நானும் சொன்னேன். இப்போது அவர் வெளியே போகும் இரவுகளில் அழுகிறேன். பொறாமையை வெல்வது எப்படி? — திருச்சி வாசகி

பொறாமையை ஒரு பக்கம் வையுங்கள் அம்மா. அன்று நீங்கள் ‘வேண்டாம்’ என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? “வருத்தப்பட்டிருப்பார், பேசியிருப்போம்” என்றால் அது ஒரு நிலைமை. வீட்டை விட்டுப் போகச் சொல்லியிருப்பார், செலவுக்குப் பணம் நின்றிருக்கும், பிள்ளையைக் காட்டி மிரட்டியிருப்பார் என்றால் நீங்கள் சொன்ன ‘சரி’ சம்மதத்தில் சேராது.

முதல் நிலைமை என்றால், ஆறு வாரம் புதிதாக எதுவும் வேண்டாம் என்று கேளுங்கள். அந்த ஆறு வாரத்தில் உங்களை எது குத்துகிறது என்று குறித்துவையுங்கள். ‘அவர் போவது’ என்று மொத்தமாக எழுதாதீர்கள். சொல்லாமல் போவதா, சொன்ன நேரத்துக்கு வராததா, உங்களோடு வெளியே போக மட்டும் நேரமில்லை என்பதா, தனியே விடப்பட்ட இரவா? முதல் மூன்றும் அவர் திருத்தவேண்டியவை. பொறாமை என்று பெயர் வைத்து உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். கேட்ட இடைவெளியை அவர் தர மறுத்தால் அதுவே பதில்.

இரண்டாம் நிலைமை என்றால் எந்த வட்டமும் இதைத் தீர்க்காது. பெண்கள் உதவி எண் 181க்குப் பேசுங்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அடி உதையோடு நிற்பதில்லை. மனத்தை வதைப்பதும் பணத்தை முடக்குவதும் அதில் அடங்கும். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார்.

சட்டம் என்ன சொல்கிறது? மூவரும் ஒரே வீட்டில் வாழ்கிறோம். — ஓசூர் வாசகர்

வயது வந்தவர்கள் சம்மதத்தோடு சேர்ந்து வாழ்வது குற்றமல்ல. பிறர் மனைவியோடு உறவு கொள்வதைக் குற்றமாக்கிய, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் ரத்து செய்துவிட்டது. ஆனால் விவாகரத்துக்கு அது இன்னும் காரணம்தான். ‘அவரும் ஒப்புக்கொண்டார்’ என்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டிய வேலை உங்களுடையதாகிவிடலாம்.

கோட்டைத் தாண்டும் இடம் தாலி. முதல் திருமணம் நிலைத்திருக்கும்போது இரண்டாவது செய்தால், ஒரு திருமணத்துக்கு மேல் அனுமதிக்காத சட்டம் பொருந்துகிறவர்களுக்கு, பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை. முதல் திருமணத்தை மறைத்துச் செய்தால் 10 ஆண்டு வரை. ‘சும்மா கோயிலில் மாலை மாற்றிக்கொண்டோம்’ என்பதில் விளையாடாதீர்கள். உத்தராகண்டுக்கு மாற்றலானால் இன்னொரு தலைவலி: அங்கே 2025 ஜனவரி முதல் சேர்ந்து வாழ்வதைப் பதிவு செய்ய வேண்டும், இருவரில் ஒருவர் ஏற்கெனவே மணமானவர் என்றால் பதிவு கிடைக்காது.

உங்கள் வீட்டில் பாதுகாப்பில்லாத ஆள் மூன்றாமவர். கோவையில் தொடங்கிய வேலுசாமி – பச்சையம்மாள் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம், ‘திருமணம் போன்ற உறவு’ என்று கொள்ள இருவரும் மணம் செய்யத் தகுதியுள்ளவர்களாக, அதாவது வேறு திருமணத்தில் இல்லாதவர்களாக, இருக்க வேண்டும் என்றது. ஆகவே ஜீவனாம்சமோ வாரிசுரிமையோ அவருக்குத் தானாக வராது. தாளில் எழுதுவது ஒன்றே வழி. வாடகை ஒப்பந்தத்தில் மூன்று பெயரும் இருக்கட்டும். அவரவர் பங்குக்கு உயில் எழுதுங்கள், இரண்டு சாட்சிகள் வேண்டும், சொத்து பெறுகிறவரையே சாட்சியாக வைக்காதீர்கள். பதிவு கட்டாயமில்லை, பதிந்தால் பின்னால் சண்டை குறையும். உயிர் காக்கும் சிகிச்சையை நிறுத்துவது போன்ற முடிவுகளுக்கு முன்கூட்டியே ஆவணம் எழுதலாம். 2023இல் நடைமுறை எளிதாகிவிட்டது: இரண்டு சாட்சி, ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி. உங்களுக்காக முடிவெடுக்க அதில் ஒருவருக்கு மேற்பட்டவரைப் பெயர் சொல்லிக் குறிக்கலாம்.

துணையின் இன்னொரு துணையைத் தமிழில் எப்படிக் கூப்பிடுவது? — மதுரை வாசகி

ஆங்கிலத்தில் ‘மெட்டமோர்’. நம்மிடம் இருப்பது ‘சக்களத்தி’. அந்தச் சொல்லோடு சண்டையும் சேர்ந்தே வரும், ஆணுக்குச் சொல்ல அதில் வழியும் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

பால்வினை நோய்க்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை டெஸ்ட் எடுக்க வேண்டும்? — சேலம் வாசகர்

ஒன்றுக்கு மேற்பட்ட துணை இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, புதியவர் சேரும்போது தனியாக ஒருமுறை. இடறுவது ‘ஜன்னல் காலம்’, அதாவது தொற்று ஏறியதிலிருந்து அது டெஸ்டில் தெரிய ஆகும் நாட்கள், தெரியாமல்தான். நேற்று நடந்ததற்கு இன்று எடுத்த டெஸ்ட் எதையும் சொல்லாது. ஆய்வகத்தில் ரத்தம் எடுத்துச் செய்யும் நான்காம் தலைமுறை ஹெச்ஐவி சோதனைக்கு 45 நாள் வரை பொறுக்க வேண்டும், சிஃபிலிஸுக்கு 90 நாள் வரை. கொனோரியா, கிளமிடியாவுக்கு இரண்டு வாரம் போதும். ஆனால் சிறுநீர் மட்டும் கொடுத்தால் தொண்டையில் இருக்கும் கிருமி தெரியாது, டாக்டரிடம் கேட்டு அங்கிருந்தும் மாதிரி கொடுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸ்: முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம்.

ஆணுறை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும்போது மாற்றப்பட வேண்டும். கிழிந்துபோய், ஹெச்ஐவி பயம் இருந்தால் 72 மணி நேரத்துக்குள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 28 நாள் மாத்திரை தருவார்கள். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறீர்களோ அவ்வளவு பலன். ஹெச்ஐவி சோதனையும் ஆலோசனையும் அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் இலவசம். உங்கள் முடிவை உங்களைக் கேட்காமல் வெளியே சொல்லக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. போனில் கேட்க 1097. அங்கே “எத்தனை பேர்?” என்று கேட்டால் கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள், எந்தெந்தச் சோதனை என்பதை அந்தப் பதிலை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.